தெற்குத் தெருவும் சிறைச்சுவரும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், மாமியாரை அழைத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் ஆபர்ன் நகருக்குப் போய்வந்தோம். மொத்தமே 27,000 பேர்கூட இல்லாத ஊர். அலாஸ்காவை வாங்கிய சீவர்டின் வீடு, அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மனின் வீடு, பேசும்படத்துக்கு வழிசெய்த தியோடர் கேஸின் ஆய்வுக்கூடம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. மாமனார், "இந்த மண்ணுல ஏதோ இருக்கும்மா" என்றார். சிறைச்சாலையைக் காரிலிருந்தே பார்த்தோம். குழந்தைகள் இருந்ததால் நிறுத்தவில்லை. உலகத்தின் முதல் மின்சார நாற்காலி அங்கேதான் என்று வீட்டுக்கு வந்துதான் படித்தேன். ஒரு சின்ன ஊரில் இத்தனை பேர் எப்படிச் சேர்ந்தார்கள்? சீவர்ட் இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா என்று மாமியார் கேட்கிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மாமனாருக்கு என் வணக்கம். மண்ணில் ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிடுங்கள். அங்கே இருந்தது தண்ணீர். ஒவாஸ்கோ ஏரியிலிருந்து வழிந்தோடும் ஆற்றில் ஆலைச் சக்கரங்கள் சுழன்றன. பிறகு அது மாவட்டத் தலைநகர் ஆனது, கோர்ட் வந்தது, வக்கீல்கள் வந்தார்கள். 1816இல் சிறை கட்டத் தொடங்கினார்கள். நீங்கள் நிறுத்தாமல் கடந்துவந்த அந்தக் கட்டடத்தைத் தொடாமல் மற்ற வீடுகளின் கதையைச் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் பெயர். அது கயூகா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1779இல் அமெரிக்க ஜெனரல் சல்லிவனின் படை அவர்களுடைய ஊர்களையும் சோளக் கொல்லைகளையும் எரித்தது. அந்தப் படையில் இருந்த ஹார்டன்பர்க் என்பவர்தான் 1793இல் இங்கே வந்து குடியேறினார். 1805இல் ஊருக்கு ஆபர்ன் என்று பெயர் வைத்தார்கள். ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் கவிதையில் வரும் கிராமத்தின் பெயர் அது. பணக்காரன் நிலத்தை வளைத்துப்போட, குடிகள் வெளியேறிப் பாழாகும் கிராமம். பெயர் வைத்தவர்கள் கவிதையை முதல் வரியோடு மூடிவிட்டார்கள் போலிருக்கிறது.

இனி சிறை. ஆபர்ன் முறை என்றே அதற்கு உலகளவில் பெயர். இரவில் ஆளுக்கொரு சிறு அறை, பகலில் பட்டறையில் கூட்டு வேலை, ஆனால் பேசவே கூடாது. ஒருவரையொருவர் பார்ப்பதும் குற்றம். கோடுபோட்ட உடை. முன்னால் போகிறவன் தோளில் கைவைத்து, முகத்தை ஒரே பக்கம் திருப்பி, அடியோடு அடி ஒட்டி நடக்க வேண்டும். மீறினால் சவுக்கடி. இதே ஆபர்னிலிருந்து நூறு கைதிகளைக் கொண்டுபோய்த்தான் 1825இல் சிங் சிங் சிறையைக் கட்டவைத்தார்கள். 1831இல், பின்னாளில் 'அமெரிக்காவில் ஜனநாயகம்' என்ற நூலை எழுதிய தொக்வில் பிரான்ஸிலிருந்து வந்தபோது அரசாங்கம் அவருக்குக் கொடுத்திருந்த வேலை அமெரிக்கச் சிறைகளைப் பார்த்துவருவதுதான். நூலெல்லாம் பிறகு. ஆபர்னுக்கும் வந்து பார்த்தார். கைதிகளின் உழைப்பை கான்ட்ராக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். கைதிக்குக் கூலி கிடையாது.

இந்த ஊரின் 'புகழ்பெற்றவர்கள்' வரிசையில் நான் முதலில் வைப்பது, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு பெயரை: வில்லியம் ஃப்ரீமன். ஆபர்னில் பிறந்த கறுப்பின இளைஞர், செவ்விந்திய ரத்தமும் உண்டு. 1840இல், பதினாறு வயது வாக்கில், குதிரை திருடியதாகச் சொல்லி ஐந்தாண்டு உள்ளே போட்டார்கள். நான் திருடவில்லை என்று கடைசிவரை சொன்னார். உள்ளே ஒரு காவலர் பலகையால் தலையில் அடித்ததில் காது போயிற்று, புத்தியும் கலங்கியது. 1845இல் வெளியே வந்தவர், செய்யாத குற்றத்துக்கு ஐந்து வருஷம் வேலை பார்த்தேன், கூலி கொடுங்கள் என்று கேட்டு அலைந்தார். யாரும் காதுகொடுக்கவில்லை. 1846 மார்ச்சில் அருகிலிருந்த ஒரு பண்ணை வீட்டில் புகுந்து நான்கு பேரைக் கொன்றார். அதில் ஒன்று குழந்தை. அந்தக் குடும்பத்துக்கும் அவர் வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஊரே அவரை அடித்துக் கொல்லத் துடித்தபோது, அவருக்காகக் கோர்ட்டில் எழுந்து நின்றவர் சீவர்ட். அப்போதே மாநிலத்தின் முன்னாள் கவர்னர். பைசா வாங்கவில்லை. இவருக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது, தூக்கில் போடுவது நியாயமல்ல என்று வாதாடினார். தோற்றார். மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவு வாங்கினார். அதற்குள், 1847இல், ஃப்ரீமன் லாக்கப்பிலேயே இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் மூளை நோயுற்றிருந்தது தெரிந்தது.

சீவர்டின் வீடு என்று நீங்கள் பார்த்தது உண்மையில் அவர் மாமனார் வீடு. நீதிபதி எலைஜா மில்லர் மகளைக் கொடுக்கும்போதே, என் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1824இல் கல்யாணம், அதிலிருந்து சீவர்ட் வீட்டோடு மாப்பிள்ளை. அந்தப் பெண் பிரான்சிஸ், கணவரைவிட அடிமை ஒழிப்பில் உறுதியானவர். கணவர் அரசியலுக்காகக் கொஞ்சம் வளைவார், இவர் வளைய மாட்டார். தப்பி வரும் அடிமைகளுக்கு அந்த வீட்டின் சமையலறையில் இடம் இருந்தது. அதே ஊரில் பிரான்சிஸின் தோழி மார்த்தா ரைட், 1848இல் செனெகா ஃபால்ஸில் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவர்.

டப்மன் ஆபர்னுக்கு வந்த வழி இதுதான். சட்டப்படி அவர் தேடப்படும் அடிமை. 1859இல், செனட்டராக இருந்த சீவர்ட், ஏழு ஏக்கர் நிலத்தையும் வீட்டையும் 1,200 டாலருக்குத் தவணையில் அவருக்கு விற்றார். சீவர்ட் வீடு இருக்கும் அதே தெற்குத் தெருவில் நடந்தே போய்விடலாம். வயதான அப்பா அம்மாவை டப்மன் அங்கேதான் கொண்டுவந்து வைத்தார். உள்நாட்டுப் போரில் 1863இல் கோம்பஹீ ஆற்றுத் தாக்குதலில் 700க்கும் மேற்பட்ட அடிமைகளை மீட்ட படைக்கு வழிகாட்டியவர் அவர். ஓய்வூதியத்துக்கு மட்டும் பல்லாண்டுகள் மனுப்போட வேண்டியிருந்தது.

சிறுமியாக இருந்தபோது, மேற்பார்வையாளன் ஒருவன் வேறு யாரையோ நோக்கி எறிந்த எடைக்கல் டப்மனின் தலையில் பட்டது. ஆயுள் முழுக்க, பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று தூங்கிப்போவார், காட்சிகள் காண்பார். ஃப்ரீமனுக்கும் தலையில் அடி. ஒருவரின் வீட்டின் முன்னால் நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். இன்னொருவரின் பெயர் ஊரைச் சுற்றிப் பார்த்த உங்களுக்குக்கூடத் தெரியவரவில்லை. இதை நான் உங்கள் குறையாகச் சொல்லவில்லை.

மின்சார நாற்காலி பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 1890 ஆகஸ்ட் 6, வில்லியம் கெம்லர். முதல் முறை பாய்ச்சியதில் சாகவில்லை, இரண்டாம் முறை பாய்ச்சினார்கள். ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்ட சோல்கோஷுக்கும் 1901இல் அங்கேதான் முடிவு.

எனக்குப் பிடித்தவர் தாமஸ் மாட் ஆஸ்போர்ன். மார்த்தா ரைட்டின் பேரன், விவசாய இயந்திர ஆலை முதலாளியின் மகன், ஊரின் முன்னாள் மேயர். 1913இல் டாம் பிரவுன் என்ற பெயரில் கைதி உடை போட்டுக்கொண்டு ஒரு வாரம் உள்ளே இருந்தார். கைதிகளிடமும் விஷயத்தை முன்பே சொல்லிவிட்டுத்தான் போனார். கடைசியில் வேண்டுமென்றே வேலைசெய்ய மறுத்து இருட்டுக் கொட்டடியிலும் ஓர் இரவு கிடந்தார். வெளியே வந்ததும், கைதிகளே வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் சங்கம் ஒன்றை அங்கே தொடங்கினார். பணக்கார வீட்டுப் பிள்ளையின் விளையாட்டு என்று சிரித்தவர்கள் உண்டு. அந்த ஓர் இரவுக்காகவே நான் சிரிக்க மாட்டேன். டப்மன் இறந்ததும் அதே ஆண்டு மார்ச்சில்தான்.

பேச்சைத் தடைசெய்து பேர்வாங்கிய ஊரில்தான், வீட்டுத் தோட்டத்தில் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தை ஆய்வுக்கூடமாக்கி, ஒலியை ஒளியாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்திலேயே பதிக்கும் வேலையில் கேஸ் இறங்கினார். 1926இல் சினிமா முதலாளி வில்லியம் ஃபாக்ஸுடன் சேர்ந்தார், மூவிடோன் என்ற பேசும்பட முறை பிறந்தது. மறு ஆண்டு விமானி லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைக் கடக்கக் கிளம்பிய விமானத்தின் இரைச்சலை ஜனங்கள் தியேட்டரில் கேட்டார்கள். ஊமைச் சிறையும் பேசும்படமும் ஓரூரில் என்று எழுத எனக்கும் கை அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டுக்கும் தொடர்பில்லை. கேஸ் வசதியான வீட்டுப் பிள்ளை, படிப்பும் நேரமும் இருந்தன, அவ்வளவுதான்.

மாமியாரின் கேள்விக்கு: வந்திருக்கிறார். லிங்கன் சுடப்பட்ட அதே இரவு, அவருடைய வெளியுறவு அமைச்சராக இருந்த சீவர்டையும் படுக்கையிலேயே கத்தியால் குத்தினார்கள். முகத்தில் தழும்போடு பிழைத்தார். 1867இல் 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கினார். பதவி முடிந்தபின், 69 வயதில், கைகள் செயலிழந்துகொண்டிருந்த நிலையில், 1870இல் உலகம் சுற்றக் கிளம்பினார். ஜப்பான், சீனா பார்த்து இந்தியாவுக்கும் வந்தார். 1871 அக்டோபரில் ஆபர்ன் திரும்பினார். அடுத்த அக்டோபரில் இறந்தார், மாமனார் வீட்டில்தான்.