கேளுங்கள் சொல்கிறோம்: யூட்டாவில் ஒரு செவ்வாய்

கேள்வி: அமெரிக்காவில் யூட்டா பாலைவனத்தில் சிலர் விண்வெளி உடை மாட்டிக்கொண்டு, செவ்வாயில் இருப்பதாகச் சொல்லி அலைகிறார்களாமே! காற்று இருக்கிற இடத்தில் ஹெல்மெட் எதற்கு? மாறுவேடப் போட்டியா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பார்க்க அப்படித்தான் இருக்கும். ஹாங்க்ஸ்வில் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், மார்ஸ் சொசைட்டி அமைப்பு 2000-களின் தொடக்கத்திலிருந்து நடத்தும் நிலையம் அது, செவ்வாய்க்குப் போனால் எப்படித் தங்கி வேலை செய்வது என்று பூமியிலேயே ஒத்திகை பார்க்கும் இடம். 8 மீட்டர் விட்டத்தில் இரண்டு மாடி உருளை, உள்ளே ஆறேழு பேர், பெரும்பாலும் இரண்டு வாரம். வெளியே போக வேண்டுமென்றால் எங்கே, எதற்கு, யார் யார், எப்போது திரும்புவோம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்பி அனுமதி வாங்க வேண்டும். அப்புறம் ஏர்லாக்கில் (உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே இரண்டு கதவுள்ள சின்ன அறை) ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும், காற்றழுத்தம் இறங்குவதாகக் கணக்கு. நிஜத்தில் ஒன்றும் இறங்குவதில்லை, முதுகுப்பையில் இருக்கும் விசிறி வெளிக்காற்றைத்தான் ஹெல்மெட்டுக்குள் ஊதுகிறது.

உடை பொய்தான், ஆனால் அது கொடுக்கிற தொல்லை பொய்யில்லை. தடித்த கையுறையோடு பிளாஸ்டிக் பையின் வாயைப் பிரித்து, கல்லைப் போட்டு, மேலே எண் எழுதிப் பாருங்கள், தெரியும். புவியியல்காரர்களுக்கு மண்ணைக் கொஞ்சம் பல்லில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு (சிரிக்காதீர்கள், நறநறத்தால் வண்டல், வழவழவென்றிருந்தால் களிமண்), ஹெல்மெட் போட்டதும் அந்த வித்தை போயிற்று. மூக்கு அரித்தால் சொறிய முடியாது, கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைக்க முடியாது. என்னைக் கேட்டால் இதிலெல்லாம் உருப்படியானது அந்த ஏர்லாக் ஐந்து நிமிடம்தான். சுத்தியலை மறந்து வைத்துவிட்டு வந்தால் ஓடிப்போய் எடுக்க வழியில்லை, உள்ளே போக ஒரு ஐந்து நிமிடம், திரும்ப வெளியே வர இன்னொரு ஐந்து நிமிடம். ஒரு தடவை அப்படி மாட்டிக்கொண்டவர் அடுத்த நாள் சாமான் பட்டியலை எப்படிச் சரிபார்ப்பார் என்று யோசியுங்கள்.

கேள்வி: பூமியில் இருக்கும் விஞ்ஞானிகளே ரேடியோவில் வழி சொல்லலாமே? (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: ‘இந்தக் கல்லை உடைக்கட்டுமா’ என்று செவ்வாயிலிருந்து கேட்டால், அந்தக் குரல் பூமிக்கு வரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும், பதில் போய்ச்சேர அதே அளவு நேரம். அதுவரை கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் முகாமுக்குள் ஒருவர் ரேடியோவோடு உட்கார்ந்து வெளியே போனவர்களைக் கவனிப்பார், முடிவு அவர்களுடையது. ஹவாயில் மௌனா லோவா எரிமலைச் சரிவில் இதே மாதிரி இன்னொரு செவ்வாய் ஒத்திகை முகாமில் 2015 ஆகஸ்ட் முதல் ஓராண்டு தங்கிய ஆறு பேருக்கு, ஒவ்வொரு செய்தியையும் 20 நிமிடம் தாமதப்படுத்தியே அனுப்பினார்கள்.

கேள்வி: ஏன் யூட்டா? சிவப்பு மண் எல்லா ஊரிலும் இருக்கிறதே! (வாசகர், பண்ருட்டி)

பதில்: நிறத்துக்காக மட்டும் போகவில்லை. அங்கே பழைய ஆற்றுப் படுகைகள் பள்ளமாக இல்லாமல் மேடாக நிற்கின்றன. ஆறு கொண்டுவந்த கூழாங்கல்லும் மணலும் இறுகிக் கல்லாகிவிட, இரண்டு பக்கமும் இருந்த மென்மையான மண் காலப்போக்கில் அரித்துப் போய்விட்டது. நீர் ஓடிய தடம் இப்போது கரைபோல உயர்ந்து வளைந்து வளைந்து போகிறது. செவ்வாயைச் சுற்றும் விண்கலங்கள் எடுத்த படங்களிலும் இதே மாதிரி மேடுகள் உண்டு. படத்தில் கோடாகத் தெரிவதை நடந்து ஏறி, எந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பார்த்துப் பழக வேறு எங்கே போவது?

கேள்வி: முகாமிலிருந்து வெளியே ஓட்டிப்போகும் வண்டி நடுவழியில் நின்றால்? (வாசகி, ஈரோடு)

பதில்: நடைதான். திரும்பி நடந்து வர முடிகிற தூரத்துக்கு மேல் போகாதே என்பது அப்பல்லோ காலத்து விதி, 1972-ல் அப்பல்லோ 17 வீரர்கள் நிலவில் கலத்தைவிட்டு 7.6 கிலோமீட்டர்வரைதான் போனார்கள்.

கேள்வி: நிஜமாகவே அடிபட்டால்? (வாசகர், சேலம்)

பதில்: நாடகத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டியதுதான். ஹவாய் முகாமில் 2018-ல் ஒருவருக்கு மின்சார அதிர்ச்சி ஏற்பட்டு, எட்டு மாதம் நடக்க வேண்டிய ஒத்திகை சில நாட்களிலேயே முடிந்துபோனது.

கேள்வி: நம் நாட்டில் இப்படி உண்டா? (வாசகர், தாம்பரம்)

பதில்: உண்டு. லடாக்கில் த்சோ கர் பள்ளத்தாக்கில், 4,500 மீட்டருக்கு மேலான உயரத்தில், 2025 ஆகஸ்டில் ஹோப் என்ற முகாம் போட்டார்கள், இஸ்ரோவும் சேர்ந்துதான். அந்த உயரத்தில் மூச்சு வாங்குவதற்கு யாரும் நடிக்க வேண்டியதில்லை. யூட்டாவுக்குத்தான் போக ஆசை என்றால் எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கோடையில் வெயில் தாங்காது என்று அங்கே குழுக்களை அனுப்புவதில்லை.