அமெரிக்காவில் துப்பாக்கி விலை ஏறிக்கொண்டே போகிறது. உள்ளூரில் நியாயமான டீலரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் முதல் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறார். போன வருஷம் பார்த்த விலை இந்த வருஷம் இல்லை, கடைக்குக் கடை நூறு டாலர் வித்தியாசம் தெரிகிறது, யாரை நம்புவது என்கிறார்.

விலைச்சீட்டில் இருக்கும் எண்ணை வைத்துக் கடையை எடைபோடாதீர்கள். "வரி, சரிபார்ப்புக் கட்டணம், கார்டு கட்டணம் எல்லாம் சேர்த்து, பொருளோடு நான் வெளியே வரும்போது மொத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்லி, அதை எழுதியும் தருபவரே நியாயமான டீலர். மிகக் குறைந்த விலை சொல்பவரும் அவரும் பல நேரம் ஒரே ஆளாக இருப்பதில்லை.

விலைக்கு முன்னால் ஒரு விஷயம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர்கள் கூட்டமாக ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. தற்காலிக விசாவில் இருப்பவர் அங்கே சுடுவது விசாவையே பாதிக்கக்கூடிய குற்றம் என்பது பலருக்குத் தெரியவில்லை.

இனி விலை. உருக்கு, அலுமினியம், கூலி எல்லாம் ஏறியிருக்கின்றன. 2025 ஜூனில் பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் உருக்கு, அலுமினியத்துக்கு இறக்குமதி வரி 50 சதவீதமானது. துருக்கியிலிருந்து வரும் ஷாட்கன், பிரேசிலிலிருந்து வரும் டாரஸ், குரோஷியாவில் தயாராகும் ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கேட் கைத்துப்பாக்கிகள் போன்ற இறக்குமதிச் சரக்குகள் வரி மாற்றங்களை நேரடியாக உணர்பவை. இவை தவிர 1937-ம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதமும் ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதமும் தயாரிப்பாளரிடமோ இறக்குமதியாளரிடமோ வசூலிக்கிறார்கள். இது கடைக்கு வரும் முன்பே விலைக்குள் அடங்கிவிட்டது. "ஃபெடரல் எக்சைஸ்" என்று ரசீதில் இன்னொரு தடவை தனி வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். மாநில வரி வேறு: கலிஃபோர்னியாவில் 2024 ஜூலையிலிருந்து கூடுதலாக 11 சதவீதம், கொலராடோவில் 2025 ஏப்ரலிலிருந்து 6.5 சதவீதம். அந்த மாநிலங்களில் இது கடைக்காரர் கையில் இல்லை.

பீதி வேறு கணக்கு. தேர்தல், கலவரச் செய்தி, புதுச் சட்ட மசோதா என்று ஏதாவது வந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் கடைக்கு ஓடுகிறார்கள். 2020-ல் மட்டும் எஃப்.பி.ஐ. பதிவில் துப்பாக்கி தொடர்பாக 3 கோடியே 96 லட்சத்துக்கும் மேற்பட்ட பின்னணிச் சரிபார்ப்புகள் ஏறின. அதற்கு முன் 20 சென்ட்டுக்குள் கிடைத்த 9 எம்.எம். தோட்டா, 2021 தொடக்கத்தில் 60 சென்ட்டைத் தாண்டியது. பிறகு இறங்கியது. 2013-ல் .22 தோட்டாவே கிடைக்காமல் போய், அதுவும் திரும்பி வந்தது. உலோகமும் கூலியும் ஏற்றிய விலை இறங்குவது அரிது, பீதி ஏற்றிய விலை இறங்கிவிடும். ஒரு மாடலை நிறுத்தப்போவதாகத் தயாரிப்பாளர் அறிவித்ததும் பழைய சரக்குக்கு நூறு டாலர் கூட்டும் கடைகளும் இப்படித்தான். சேகரிப்பாளருக்கு அது பொருள்படலாம். வீட்டுக்கு ஒன்று வாங்குபவர் அந்த நூறு டாலரைக் கொடுக்கத் தேவையில்லை.

புதிய சாதாரணக் கைத்துப்பாக்கியில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் பொதுவாக 10 முதல் 20 சதவீதத்துக்குள்தான். 550 டாலர் பொருளில் "நூறு குறையுங்கள்" என்றால் அவரால் முடியாது. ஆனால் கூடுதல் மேகசின் (தோட்டா நிரப்பும் கூடு), ஒரு பெட்டி தோட்டா, கார்டு கட்டணத் தள்ளுபடி ஆகியவற்றைக் கேட்டால் தருவார். இன்னொன்று: பல கம்பெனிகள் கடைக்காரர் விளம்பரத்தில் காட்டக்கூடிய குறைந்தபட்ச விலையை நிர்ணயித்து வைத்திருக்கின்றன. அதற்குக் கீழே விற்கலாம், விளம்பரம் செய்யக்கூடாது. எல்லா இணையதளத்திலும் ஒரே விலை தெரிவதற்குக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். எனவே போன் செய்து கேளுங்கள்.

ஆன்லைனில் மலிவு என்று தோன்றுவதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். இணையத்தில் கடையிடமிருந்து வாங்கினாலும் பொருள் உங்கள் வீட்டுக்கு வராது. எஃப்.எஃப்.எல். என்னும் கூட்டாட்சி உரிமம் உள்ள உள்ளூர் டீலரிடம் வரும், சரிபார்த்து உங்களிடம் ஒப்படைக்க அவர் டிரான்ஸ்ஃபர் கட்டணம் வாங்குவார். 8.25 சதவீத விற்பனை வரி உள்ள டெக்சாஸ் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளூரில் 549 டாலர், வரி 45.29, மொத்தம் 594.29. ஆன்லைனில் 499, வரி 41.17, அனுப்பும் செலவு 20, டிரான்ஸ்ஃபர் 35, மொத்தம் 595.17. ஐம்பது டாலர் மலிவு என்று தெரிந்தது கடைசியில் ஒரு டாலர் கூடுதல். உள்ளூர்க் கடை கார்டுக்கு 3 சதவீதம் சேர்த்தால் இன்னொரு 17.83 ஏறும். ரொக்கமோ டெபிட் கார்டோ கொடுத்தால் அதைத் தவிர்க்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

டீலரைத் தேட, மது, புகையிலை, துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஏ.டி.எஃப். அமைப்பு, உரிமம் பெற்றவர்களின் பட்டியலை மாநிலவாரியாக வெளியிடுகிறது. பெரிய கடைகளோடு, வீட்டு முகவரியிலேயே உரிமம் வைத்துச் சின்ன அளவில் நடத்துபவர்களும் அதில் இருப்பார்கள். டிரான்ஸ்ஃபருக்கு இவர்கள் பல நேரம் மலிவு, முன்கூட்டி நேரம் குறித்துக்கொண்டு போக வேண்டும். உரிம எண்ணின் முதல் 3 இலக்கங்களையும் கடைசி 5 இலக்கங்களையும் ஏ.டி.எஃப். தளத்தின் 'ஈஸி செக்' பக்கத்தில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். முன்பின் தெரியாத ஆன்லைன் கடைக்குப் பணம் அனுப்பும் முன் இதைச் செய்யாமல் விடாதீர்கள். பெரிய கடைகளின் பெயரிலேயே போலித் தளங்கள் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று நான்கு கடைகளுக்குப் போன் செய்து ஒரே மாடலைச் சொல்லி ஒரே கேள்விகளைக் கேளுங்கள். மொத்த விலைக்கு அடுத்தபடி முக்கியமானது: பின்னணிச் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டால் எவ்வளவு பிடித்துக்கொள்வீர்கள்? சில கடைகள் விலையில் 15, 20 சதவீதம்கூடப் பிடிக்கும். சரிபார்ப்பு தாமதமானால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் கட்டாயமில்லை. பதில் வரும்வரை காத்திருக்கும் கடைகளும் உண்டு. அதில் தவறு ஒன்றுமில்லை, முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கும்போது கடையில் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தில் நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் பெயர். இனிஷியல், அப்பா பெயர், குடும்பப் பெயர் மூன்றும் ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரியும் கிரீன் கார்டில் இன்னொரு மாதிரியும் இருந்தால் சரிபார்ப்பு இழுக்கும். வாங்கப் போகும் முன் இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். பெயரில் வெறும் எழுத்து மட்டும் இருந்தால் அதன் பின்னால் 'ஐ.ஓ.' என்றும், நடுப்பெயர் இல்லையென்றால் 'என்.எம்.என்.' என்றும் ஆங்கில எழுத்துகளில் குறிக்கும்படி படிவத்தின் விளக்கமே சொல்கிறது. சமூகப் பாதுகாப்பு எண் கட்டாயமில்லை. ஆனால் கொடுத்தால் அதே பெயருள்ள இன்னொருவரோடு உங்களைக் குழப்புவது குறையும். ஒவ்வொரு தடவையும் தாமதமானால் எஃப்.பி.ஐ.யிடம் விண்ணப்பித்து 'யு.பி.ஐ.என்.' என்ற தனி எண் வாங்கிக்கொள்ளலாம். வீடு மாறி ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரி இருந்தால், இப்போதைய முகவரியைக் காட்டும் அரசு ஆவணம் ஒன்றையும் கொண்டுபோங்கள். அது இல்லாமல் விற்பனை நடக்காது.

மாநில விதிகள் இதற்கு மேல். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு, 10 நாள் காத்திருப்பு, அரசுக் கட்டணம் 37.19 டாலர். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி வாங்கும் அனுமதி. இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான எஃப்.ஓ.ஐ.டி. அடையாள அட்டை. இவற்றைக் கேட்காமலேயே எடுத்துச் சொல்பவர் நல்ல டீலர்.

கடைக்குள் போனதும் அவர் கைகளைப் பாருங்கள். மேகசினைக் கழற்றி, மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, குழலறை காலி என்று தானும் பார்த்து உங்களுக்கும் காட்டிவிட்டுத்தான் நீட்ட வேண்டும். "உங்கள் பெயரில் சிக்கலா, மனைவி பெயரில் எழுதிக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால் உடனே வெளியே வந்துவிடுங்கள். இன்னொருவருக்காக அவர் பணத்தில் உங்கள் பெயரில் வாங்குவது 2022 சட்டப்படி 15 ஆண்டுவரை சிறை தரக்கூடிய குற்றம். உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கி, வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கு உண்மையாகவே பரிசாகக் கொடுப்பது வேறு. சந்தேகம் வந்தால் விற்க மறுக்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். அந்தக் கண்டிப்புதான் அவர் கடையின் தரம்.

விலை கட்டவில்லை என்றால் பழையது பாருங்கள். கடைக்காரருக்கு லாபம் அதிகம் நிற்பதும், பேரம் படிவதும் இங்கேதான். ஏலத் தளங்களில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையை மட்டும் ஒப்பிடுங்கள். போலீஸ் துறைகள் புதியது வாங்கும்போது மாற்றிக் கொடுத்தவை நல்ல வாங்கல். உறையில் உரசி வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும், சுட்டது குறைவாக இருக்கும். எஃப்.பி.ஐ. 2010-களின் நடுவில் 9 எம்.எம்.முக்குத் திரும்பிய பிறகு .40 காலிபர் போலீஸ் துப்பாக்கிகள் மலிவாக வந்தன. ஆனால் .40 தோட்டா 9 எம்.எம்.மைவிட விலை கூடுதல், வருஷம் ஆயிரம் ரவுண்ட் சுட்டால் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும். குறிபார்க்க உதவும், இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் சைட் 12 வருஷத்தில் பாதி ஒளியாகும். பழைய சைட்டுக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிரித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு கடை. பேரலை (குழலை) கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இருண்ட வளையம் தெரியக்கூடாது. தெரிந்தால் எப்போதோ ஒரு குண்டு உள்ளேயே சிக்கி நிற்க, அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டுக் குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள். ரிவால்வரில் ஹேமரை மெல்லப் பின்னால் இழுங்கள். அது முழுதாக நிற்கும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் குண்டு குழலின் விளிம்பில் மோதிச் சீவப்படும். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பார்க்கும் முன் கேளுங்கள். .22 ரிம்ஃபயர் துப்பாக்கியில் அப்படிச் செய்தால் தோட்டாவை அடிக்கும் ஊசி (ஃபயரிங் பின்) சேதமாகலாம்.

பில் போடும்போது பூட்டை வாங்கச் சொன்னால் ஒன்று நினைவிருக்கட்டும்: கைத்துப்பாக்கி விற்கும் டீலர் பாதுகாப்புப் பூட்டோ பெட்டியோ தந்தாக வேண்டும் என்பது 2005-ல் இயற்றப்பட்ட சட்டம். புதியதற்கு அது பெட்டிக்குள்ளேயே வரும். கூடுதல் கேபிள் பூட்டைப் பல ஊர்களில் காவல் நிலையமே இலவசமாகத் தரும். மிச்சமாகும் பணத்தைச் சுவரிலோ தரையிலோ திருகிப் பொருத்தும் உருக்குப் பெட்டிக்குக் கொடுங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இது துப்பாக்கிக்கு முன்பே வந்து சேர வேண்டும். வீட்டில் விசாவில் இருப்பவர் இருந்தால் அவருக்குத் திறக்கும் எண் தெரியக்கூடாது.

கையெழுத்திட்டு வாங்கிவிட்டால் அது பழைய பொருள், கடை பெரும்பாலும் திரும்ப எடுக்காது. பழுது என்றால் தயாரிப்பாளரிடம் நேராகப் பேசுங்கள், வாரண்டியில் பல கம்பெனிகள் அனுப்பும் சீட்டையும் தரும். அதே துப்பாக்கி சரிசெய்யப்பட்டுத் திரும்பும்போது கூட்டாட்சிச் சட்டப்படி நேராக உங்கள் முகவரிக்கே வரலாம். இதற்கும் டிரான்ஸ்ஃபர் கட்டணம் கேட்டால், எந்த மாநில விதிப்படி என்று காட்டச் சொல்லுங்கள்.