மாமாவின் ஸ்பிட்ஃபயர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபின் இதை எழுதுகிறேன். என் தாய்மாமா வைத்திருந்த 1966ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அவர் மறைவுக்குப் பிறகு என்னிடம் வந்திருக்கிறது. பெங்களூரில் ஒருவரிடம் வாங்கி, வட ஆற்காடு மாவட்டத்தில் தன் பெயருக்கு மாற்றி ஓட்டியவர் அவர். பல ஆண்டுகளாக அது ஓட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுவிட்டது. எஞ்சின் சுற்றவில்லை. கதவுகளுக்குக் கீழே தகடு உதிர்கிறது. இங்கே ஒரு பட்டறையில் கேட்டதற்கு, மொத்தமாகப் பிரித்து, பட்டி பார்த்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, மாருதி எஞ்சினைப் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். என் மனம் ஒப்பவில்லை. வார இறுதிகளில் வீட்டிலேயே இதை நான் செய்ய முடியுமா? இருக்கைகளுக்கு ஆம்பூர் தோல் தைக்க வேண்டும் என்றும் ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் பட்டறையில் சொன்ன வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்ப வேண்டும். அவர்கள் முதலில் சொன்னது மொத்தமாகப் பிரிப்பது. நீங்கள் ஒருபோதும் செய்யக்கூடாததும் அதுதான். வீட்டில் தொடங்கிய மறுசீரமைப்புகளில் பாதியில் நின்றுபோனவை என்று நான் பார்த்தவை எல்லாமே, ஆர்வத்தின் முதல் வேகத்தில் கடைசி போல்ட் வரை கழற்றப்பட்டு, எது எங்கே இருந்தது என்பது கழற்றியவருக்கே மறந்துபோய், பெட்டிகளில் கிடந்தவை. ஒரு சமயத்தில் ஒரு பகுதியை மட்டும் கழற்றுங்கள்; அதைச் சரிசெய்து மீண்டும் பொருத்திய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

உங்களுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர், டிரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டமான சேஸிஸைச் சுருக்கி, அதன்மேல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவானி மிக்கெலோட்டி வரைந்த உடலைப் பொருத்தி, 1962இல் வெளிவந்த வண்டி. அதே ஹெரால்டைத்தான் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. நம்மூர் ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினும் உங்கள் வண்டியின் 1147 சி.சி. எஞ்சினும் ஒரே வம்சம். ஆகவே, சென்னையிலும் வேலூரிலும் இன்றும் இருக்கிற வயதான மெக்கானிக்குகளில் ஹெரால்டைத் தொட்டுப் பழகியவர் யாரையாவது தேடிப் பிடித்தால், உங்கள் வண்டியின் பெரும்பகுதி அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். இந்தக் கை அனுபவம் நம்மிடையே அதிக காலம் இருக்கப் போவதில்லை என்பதால், அவரைத் தேடுவதை எஞ்சின் வேலை வரும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஸ்பேனரைக் கையில் எடுக்குமுன் காகிதங்களைப் பாருங்கள். மாமாவின் பெயரில் உள்ள பதிவை வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு மாற்றப் படிவம் 31 உண்டு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவுப் புத்தகத்தில் வட ஆற்காடு என்று இருப்பது குழப்பம் தரலாம். அந்த மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டது. வேலூரும் 2019இல் மூன்றானது. காட்பாடிக்காரரான நீங்கள் வேலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகள் உங்களுக்கு மிக முக்கியம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்கும் வாகனங்களையே அவை விண்டேஜ் என ஏற்கின்றன. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். மாருதி எஞ்சினைப் பொருத்திய அன்றே இந்தத் தகுதி போய்விடும். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், மிக்கெலோட்டியின் உடலுக்குள் வேறொரு எஞ்சின் ஒலிக்கும் வண்டி உங்கள் மாமா ஓட்டிய வண்டி அல்ல.

அடுத்தது எஞ்சின். சுற்றவில்லை என்பதற்காக அது செத்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். பேட்டரியை இணைத்து ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மெல்லிய எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றி, சில நாட்கள் ஊறவிட்ட பிறகு, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் முனையில் உள்ள புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிச் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். இந்த வண்டியின் பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினின் எந்தப் பக்கத்தையும் எட்டலாம். வீட்டில் வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. எஞ்சின் சுற்றத் தொடங்கியதும், ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லி, கிராங்க் புல்லி முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தால், கிராங்கை அதன் இடத்தில் பிடித்துவைக்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். அவை நழுவி விழுந்தால் கிராங்க் பிளாக்கையே அரைத்துவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

எஞ்சின் உயிர் பெற்றபின், அல்லது பெறும் என்ற உறுதி கிடைத்தபின், தகட்டு வேலைக்கு வாருங்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி, கதவுக்குக் கீழே தகடு உதிர்கிறது என்பதுதான். ஹெரால்டின் சேஸிஸில் இரு பக்கமும் நீளவாட்டில் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவை கிடையாது. நடுவில் முதுகெலும்பாக ஓடும் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கவாட்டு வலிமையைக் கதவின் கீழ் ஓடும் சில் பகுதிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பின் சக்கரங்களை முன்பின் நகராமல் பிடிக்கும் தண்டுகள்கூட உடற்கூட்டில்தான் வந்து சேர்கின்றன. எனவே, உதிர்வது அலங்காரத் தகடு அல்ல, வண்டியைத் தாங்கும் உறுப்பு. அதன்மேல் பட்டியைப் பூசிப் பெயின்ட் அடித்தால், பார்வைக்கு முழுமையாகவும் உள்ளே வலுவற்றும் இருக்கும் ஒரு வண்டியில் நீங்கள் உட்கார்ந்து நெடுஞ்சாலைக்குப் போவீர்கள்.

சில்லை வெட்டுமுன் வண்டி சமதளத்தில், தன் எடை சக்கரங்களின் மேலோ அவற்றுக்கு நேரான தாங்கிகளின் மேலோ இறங்கியபடி நிற்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை எல்லா இடங்களிலும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு கீல் இருக்கும் தூணுக்கும் பூட்டு இருக்கும் தூணுக்கும் இடையே இரும்புக் குழாயைக் குறுக்காகப் பொருத்தி, உடல் மடங்காமல் இறுக்குங்கள். இவ்வளவும் ஆன பிறகு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டலாம். உள் தகடு, நடுவே வலுவூட்டும் தகடு, வெளித் தகடு என்று சில் மூன்று அடுக்காக இருக்கும். பட்டறைகளில் வெளித் தகட்டை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள், அதை ஏற்காதீர்கள். புதிய தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து, குழாயை எடுத்துவிட்டுக் கதவை மாட்டிப் பாருங்கள். முன்பு எழுதிவைத்த இடைவெளி அப்படியே வந்தால் மட்டும் முழுமையாகப் பற்றவைக்கலாம். வராவிட்டால், புள்ளிகளை வெட்டி மறுபடி தொடங்குவதே மலிவு.

இந்த ஒரு வேலையை மட்டும், மிக் வெல்டிங்கில் கை தேர்ந்த ஒருவரை வீட்டுக்கு அழைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று செய்விப்பதே நல்லது. ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையைச் சுற்றி அத்தகையவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிட்ஃபயரின் பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால், தீப்பொறி பறக்குமுன் அதைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். காலி டேங்க்தானே என்று எண்ண வேண்டாம். உள்ளே தங்கியிருக்கும் ஆவிதான் வெடிக்கும். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கியையோ ஹாலோ பிளாக் கற்களையோ நம்பாதீர்கள். அந்தக் கற்கள் எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டுகள் வாங்குங்கள்.

கடற்காற்று இல்லாத வேலூரில் நின்றது உங்கள் வண்டியின் அதிர்ஷ்டம். சென்னையில் நின்றிருந்தால் இதற்குள் சேஸிஸே போயிருக்கலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தைத் தார்ப்பாய் உள்ளேயே பூட்டிவைக்கும். அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தூசுக்குப் பருத்தித் துணி போதும்.

முன் சக்கரங்களைத் தாங்கித் திரும்ப வைக்கும் மரையிட்ட மூட்டுகளான டிரன்னியன்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் நல்ல மெக்கானிக்குகளும் தவறுகிறார்கள். அவற்றில் போட வேண்டியது கியர் எண்ணெய். எண்ணெய் செலுத்தும் முனையான நிப்பிளைப் பார்த்ததும் பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் உள்ளே போகாமல் இறுகிவிட, உள்ளே துரு பிடித்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் மடிந்துவிடும். இரு பக்கமும் கழற்றிச் சோதியுங்கள். மரையில் துருக்குழி தெரிந்தால் மாற்றிவிடுங்கள், தேய்த்துத் துடைத்துத் திரும்பப் போட வேண்டாம்.

போல்ட்டுகள் அனைத்தும் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 அங்குல ஸ்பேனர்கள் தனியாக வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். உங்கள் மார்க் 2இல் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும், இக்காலக் கார்களுக்கு நேர்மாறாக. வயரிங்கைத் தொடும் எலெக்ட்ரீஷியனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். டயருக்கு அலைய வேண்டாம், வேகன் ஆர் காருக்கு வந்த 145/80 ஆர் 13 பொருந்தும். பிரேக் ரப்பர்கள், குழாய்கள் அனைத்தையும் கேள்வியின்றிப் புதிதாக்குங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

பெட்ரோல்தான் இன்றைய பெரிய சிக்கல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நாடு முழுவதும் நின்றுவிட்டது. எஞ்சினின் மேல்மூடியான வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு இருக்கைகளைக் கடைந்திருக்கும் இந்த எஞ்சின், அவை தேயாமலிருக்க அந்த ஈயத்தை நம்பியது. எப்போதாவது ஹெட்டைக் கழற்றினால், லேத்தில் கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடுங்கள். இப்போது பம்புகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கும், ஈரத்தை இழுக்கும், காற்றோடு சேரும் பெட்ரோல் கலவையை மெலிதாக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றி, இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் கலவை சற்றுச் செறிவாக இருக்கும்படி சரிசெய்து, வண்டி நெடுநாள் நிற்கப் போகிறதென்றால் டேங்கை வடித்துவிடுங்கள்.

ஆம்பூர் தோல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாணியம்பாடியும் ஆம்பூரும் மேல்விஷாரமும் பக்கத்தில் இருக்கையில் அந்த ஆசை வருவது இயல்பு, நல்ல தோலும் கிடைக்கும். ஆயினும் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை வினைல் உறையோடு வெளிவந்தவை. கூரையைத் திறந்து சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்கு வினைலே பொருத்தமும்கூட. மாமா உட்கார்ந்த உறையில் காப்பாற்றக்கூடியது எவ்வளவு என்று முதலில் பாருங்கள். கிழிந்தவற்றைத் தையல் பிரித்து, அந்தத் துண்டுகளையே அளவாக வைத்துப் புதிதாகத் தைக்கச் சொல்லலாம். சிவப்புப் பெயின்ட்டும் அப்படியே: டாஷ்போர்டுக்கு அடியிலும் டிக்கியின் உட்புறத்திலும் தேய்க்கப்படாத இடங்களில் மூல நிறம் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து, எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக அடியுங்கள்.

இப்போதைக்கு எனக்கு இரண்டு படங்கள் அனுப்புங்கள்: பதிவுப் புத்தகத்தில் சேஸிஸ் எண் உள்ள பக்கம், வண்டியில் அடித்திருக்கும், எண் பொறித்த கமிஷன் தகடு. மார்க் 2 வண்டிகளின் எண் எஃப்.சி. என்ற எழுத்துகளோடு 50001இல் தொடங்கும். புத்தகத்திலும் தகட்டிலும் உள்ள எண் ஒன்றாக இருந்தால் படிவம் 31ஐ நிரப்பத் தொடங்கலாம். வேறுபட்டால், வேறெதையும் தொடுமுன் அலுவலகத்தில் அதைத்தான் தீர்க்க வேண்டும்.

அன்புடன்