படிக்கப் போனவரும் வீட்டில் இருந்தவரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நான்காம் ஆண்டு முடிகிறது. ஊர் பண்ருட்டி பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் முந்திரிக்கொல்லை இருக்கிறது. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். முந்திரி வேரை ஒட்டிய மண்ணில், கரையாமல் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைத்து மரத்துக்குக் கொடுக்கும் பாக்டீரியாக்கள்தான் என் ஆய்வு.

வருஷக் கடைசியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். அனுப்பிய கட்டுரை திரும்பி வந்துவிட்டது. உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய், அதுவும் நாலைந்து மாதத்துக்குச் சேர்த்துத்தான் வரும். மெஸ் பாக்கியைத் தம்பி கட்டினான். பிளஸ் டூவோடு நிறுத்திவிட்டு சிப்காட்டில் ஷிப்டுக்குப் போகிறவன். "இன்னும் எத்தனை வருஷம்க்கா?" என்று கேட்கிறான். கோபமாகக் கேட்டால்கூடப் பரவாயில்லை.

ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் அம்மா திருவதிகைக் கோயில் திருநீறு பூசி அனுப்புவார். பஸ் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும் துடைத்துவிடுவேன். லேபில் யாரும் எதுவும் சொன்னதில்லை, இருந்தாலும் துடைப்பேன். கோயிலில் நின்றால் இப்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. தைப்பூசத்துக்கு வடலூர் போனபோதும் அப்படித்தான். அம்மாவிடம் நடிக்கிறேனோ என்று இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் ஆய்வகத்திலேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். படிப்பு என்னை வீட்டிலிருந்தும் சாமியிடமிருந்தும் பிரித்துவிட்டதா?

பெயர் வேண்டாம், ஐயா.

ஓர் ஆய்வு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

பொங்கலுக்கு ஊருக்குப் போங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

கட்டுரை திரும்பி வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். திருத்தி வேறு இதழுக்கு அனுப்புங்கள். உதவித்தொகை விஷயம் அநியாயம்தான். மாதம் 8,000 ரூபாயை நம்பி ஒரு மனுஷி நாலு வருஷம் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருப்பதும், அதையும் தள்ளிப்போட்டுக் கொடுப்பதும், உங்கள் குறை இல்லை. அதை உங்கள் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள்.

எனக்குப் பெரிதாகப் பட்டது அந்தப் பெண்ணையாற்றுப் பாலம். யாரும் ஒன்றும் சொல்லாத லேபுக்காக நீங்களாகவே நெற்றியைத் துடைக்கிறீர்கள். சரி, வீட்டுக்குப் போனால்? கடிதத்தில் பாக்டீரியா பற்றி எனக்கு ஒரே வரியில் அழகாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த வரியை அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லியிருந்தால் தம்பியின் கேள்வி வேறு மாதிரி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே வீட்டை மறைக்கிறீர்கள், இங்கே லேபை மறைக்கிறீர்கள். உங்களை அறுப்பது இதுதான். சாமி இல்லாமல் போனது அல்ல.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இந்தக் கதை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார்தான் பின்னாளில் நாம் அப்பர் என்று கும்பிடும் திருநாவுக்கரசர். சின்ன வயதிலேயே அப்பா அம்மா போய்விட்டார்கள். அக்கா திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை போரில் இறந்துவிட்டார். அந்த அம்மாள் தானும் போய்விடலாம் என்றுதான் இருந்தார். தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டார் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். தம்பி வளர்ந்து படிக்கப் போனார், சமணப் பள்ளிக்கு. தருமசேனர் என்று பெயர் வாங்கும் அளவுக்குப் படித்தார். அவர் படித்த பாடலிபுத்திரம் நம் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்தான் என்று சொல்வார்கள். அது சாதாரண இடம் இல்லை. உலகத்தின் அமைப்பைப் பற்றிய லோகவிபாகம் என்ற சமண நூல் கி.பி. 458-இல் பாடலிகா என்ற ஊரில் எழுதப்பட்டது. அதுவும் இதே ஊர்தான் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. அப்பருக்கு நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே இங்கே அப்படி ஒரு படிப்பு நடந்திருக்கிறது.

சேக்கிழார் சைவர். சமணரைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் நான் அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த அக்காவை அவர் காட்டும் விதம் என்னை விடுவதே இல்லை. தம்பி பின்னாலேயே போய் அவர் வாதம் செய்யவில்லை. திருவதிகையில், உங்கள் அம்மா திருநீறு எடுத்துவரும் அதே கோயிலில், விடியும் முன் வாசல் பெருக்கி, சாணம் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். தம்பி திரும்ப வரவேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டும் இருந்தார். தம்பிக்குச் சூலை நோய் என்ற கடும் வயிற்றுவலி வந்து தாங்க முடியாமல் போனபோது சமையல்காரரை அனுப்பி அக்காவுக்குச் சொல்லியனுப்பினார். நான் அங்கே வரமாட்டேன் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம்பிதான் இரவோடு இரவாக வந்தார். அவர் கையால் திருநீறு வாங்கிக்கொண்டார்.

இதை எழுதுவது நீங்களும் திரும்பி வந்து கும்பிட வேண்டும் என்று சொல்வதற்காக இல்லை. அப்பருடைய நோய் உங்களுக்கு இல்லை, அவருடைய காலமும் இல்லை. நான் பார்ப்பது வேறு. சமணத்தை விட்டதற்காகக் கல்லில் கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் இடம் எது? அதே திருப்பாதிரிப்புலியூர். தருமசேனராக இருந்து படித்த ஊரிலேயே கரையேறுகிறார். அங்கே பாடிய பதிகம் சாமியை ஈன்றவளாக, தந்தையாக, உடன்பிறந்தவராகச் சொல்லித்தான் தொடங்குகிறது. சின்ன வயதில் அப்பா அம்மாவை இழந்து, அக்காவால் பிழைத்தவர் பாடியது. அந்த வரிசை எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை. படித்த ஊரையும் விட்டுவிடாமல், வளர்த்த வீட்டையும் விட்டுவிடாமல் பாடியிருக்கிறார்.

உங்கள் வீட்டில் திலகவதியார் வேலையைத் தம்பி செய்துகொண்டிருக்கிறார். ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அவருக்குப் பதில் சொல்லுங்கள். இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்ததிலிருந்து ஆறு வருஷம் வரை நேரம் உண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு வருஷச் சலுகை உண்டு. இதைச் சொல்லி, எந்த அத்தியாயம் முடிந்தது, எது பாக்கி, சுருக்கம் எப்போது, வாய்மொழித் தேர்வு எப்போது என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். மெஸ் பாக்கி கட்டியவர் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அப்பாவிடம் பேசுவது இன்னும் சுலபம். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் வந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நான் போய்ப் பார்த்தேன். பெரிய ஆண்கள் கொல்லையில் உட்கார்ந்து அழுதார்கள். அப்புறம் எத்தனையோ பேர் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக்கன்று வாங்கி நட்டார்கள். அந்தக் கன்றுக்குப் பின்னால் உங்களைப் போல நோட்டுப் புத்தகமும் கையுமாக மரம் மரமாக எண்ணி எழுதியவர்கள் இருக்கிறார்கள். வேளாண்மை அலுவலகத்தில் கிடைக்கும் பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டைத் தொழு உரத்தில் கலந்து மரத்தடியில் போடுவது உங்கள் அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தப் பாக்கெட்டுக்குள் இருக்கும் பாக்டீரியாவின் உறவுக்காரர்களைத்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும், அவரே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்.

அம்மாவுக்கு உங்கள் போனில் ஒரு படம் காட்டுங்கள். பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும் அகார் தட்டில், பாக்டீரியா வளர்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் விழுமே, அந்தப் படம். நான் ஓர் ஆய்வகத்தில் அதைப் பார்த்தபோது வெகுநேரம் நகரவில்லை. கரையாததைக் கரைத்துவிட்டது என்பது கண்ணுக்கே தெரிகிறது. கொட்டைப் பால் படாமல் இருக்கக் கையில் சாம்பல் தேய்த்துக்கொண்டு நாள் முழுக்க உடைக்கிற அம்மாவுக்கு, அந்தக் கொட்டை காய்த்த மரத்தின் வேரடியில் என்ன நடக்கிறது என்று காட்ட உங்களைவிட உரியவர் யார்?

திருநீறு பற்றிக் கடைசியாக. "கோயிலில் இப்ப எனக்கு ஒண்ணும் தோணலைம்மா" என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். வருத்தப்படுவார். படட்டும். அவரோடு கோயிலுக்குப் போவதற்கு நீங்கள் எதையும் நம்பியாக வேண்டியதில்லை, நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அவர் பூசினால் பூசிக்கொள்ளுங்கள். அது அவருடைய வேண்டுதல், உங்கள் நெற்றியில் இருக்கிறது. துடைக்கத் தோன்றினால் அவர் எதிரிலேயே துடையுங்கள். பாலத்தில் வேண்டாம்.

வடலூருக்கும் போங்கள். ஜோதி தரிசனத்தில் ஏழு திரை விலகும்போது ஒன்றும் தோன்றவில்லையா, பரவாயில்லை, கூட்டத்திலிருந்து வெளியே வந்து தருமச்சாலைப் பக்கம் போய்விடுங்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே சாப்பிட உட்காருகிறவர்களிடம் நம்பிக்கை உண்டா, எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை. பசியைத் தீர்ப்பதையே வழிபாடாக வைத்தவர் அவர். பரிமாறுகிறவர்களோடு கொஞ்ச நேரம் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கும்பிட முடியாத வருஷங்களிலும் அதைச் செய்ய முடியும்.

போகிக்கு முன்னால் லேப் வேலையை ஒழுங்கு செய்துவிட்டு, மண் எடுக்கும் பைகளையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த மரத்தடியில் தோண்டலாம் என்று இந்த முறை அம்மாவைக் கேளுங்கள். எந்த மரம் நன்றாகக் காய்க்கிறது, எது காய்ப்பை நிறுத்திவிட்டது என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் மாதிரிப் பட்டியலில் அந்த விவரம் இருந்தால் ஆய்வுக்கும் நல்லது. என்ன கிடைத்தது என்று தையில் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.