பள்ளிப் பிள்ளைகளுக்குத் தையலும் எம்பிராய்டரியும் எதிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொடுப்பது?

கேட்டிருப்பவர் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. ஆறாம் வகுப்பில் 34 பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பாடவேளை, மிஷின் கிடையாது. எங்கே தொடங்குவது, பையன்களையும் சேர்ப்பதா என்பது அவர் கேள்வி. நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் 27 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் பாடவேளையிலேயே பூப்போடச் சொல்லாதீர்கள். சட்டைப் பொத்தான் தைக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு ரோஜாப்பூவை முடிக்க ஆறு வாரம் ஆகும். அதற்குள் பாதி வகுப்புக்குச் சலித்துவிடும். பொத்தான் அந்த நாற்பது நிமிடத்திலேயே முடிந்து, பிள்ளையின் சட்டையிலேயே வீட்டுக்குப் போகும்.

ஆறாம் வகுப்பில் எனக்கு ஒரு பையன் இருந்தான். சட்டையில் மூன்றாவது பொத்தான் போய் அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருப்பான். காலைக் கூட்டத்தில் கையை மார்போடு சேர்த்து அதை மறைத்தபடியே நிற்பான். அன்றைக்கு அவன் முதலில் தைத்தபோது நூலை இறுக்கி இழுத்துவிட்டான். பொத்தான் துணியோடு ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுருக்கம் விழுந்தது; காஜாவுக்குள் நுழையவே இல்லை. பிரிக்கச் சொன்னேன். இரண்டாம் முறை, பொத்தானின் மேல் குறுக்காக இன்னொரு ஊசியை வைத்து, அதன் மேலாகவே நூல் போய் வரும்படி தைக்க வைத்தேன். ஆறு முறை போய் வந்ததும் அந்த ஊசியை உருவிவிட்டு, பொத்தானைச் சற்றே தூக்கி, அடியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டான். பொத்தானுக்கு ஒரு சின்னக் கழுத்து உண்டாகிவிட்டது. காஜாவில் தானாக வழுக்கிக்கொண்டு போனது. நான்கைந்து முறை கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தான். அடுத்த வாரம் தன் தங்கையின் சீருடைப் பாவாடையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து, "டீச்சர், இதில் கொக்கி போய்விட்டது" என்று நின்றான்.

பையன்களைச் சேர்ப்பதா என்ற கேள்விக்கும் இதுதான் என் பதில். தையல் வகுப்பு நடக்கும்போது பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடும் பள்ளியில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் கடைத்தெருவில் மிஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தானே? பள்ளிக்கூடத்தில் மட்டும் இது எப்படிப் பெண்பிள்ளைகளின் பாடமானது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கட்டாயம் சேருங்கள். தலைமையாசிரியர் தயங்கினால் உட்கார்ந்து பேசிப் புரியவையுங்கள்.

பொத்தானுக்குப் பிறகு, ஊசியை மேலும் கீழுமாக விட்டுக்கொண்டே போகும் ஓட்டுத் தையல், ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னால் வந்து குத்தும் பின் தையல், ஓரத்தை மடித்துத் தைக்கும் ஹெம்மிங். இவை மூன்றும் கைவந்த பிறகு, கண்ணி கண்ணியாகக் கோத்துப் போகும் சங்கிலித் தையல், முறுக்கிய கயிறுபோல் விழும் காம்புத் தையல் என்று எம்பிராய்டரிக்குள் போகலாம். துணிக்கு வெளுக்காத பருத்திக் காடா போதும்; வாங்கியதும் ஒருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள், இல்லையென்றால் சின்ன விரல்களால் ஊசியைத் தள்ள முடியாது. மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளும் வந்தால் துணியே வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் துளை போட்டு, மழுங்கிய கம்பளி ஊசியைக் கொடுங்கள்.

நூலின் நீளம் ஒரு முழம். பிள்ளைகளுக்குக் கையே அளவு என்பதால் சொல்வதும் எளிது. அடிக்கடி கோக்க வேண்டாம் என்று எல்லாரும் மூன்று முழம் எடுப்பார்கள். அது சிக்கி, முடிச்சு விழுந்து, கடைசியில் அழுகையில் முடியும். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். மூன்றை மட்டும் எடுக்க வேண்டுமென்றால், ஒவ்வோர் இழையாக நுனியைப் பிடித்து நேராக மேலே உருவ வேண்டும். மற்ற இழைகள் கீழே சுருண்டுகொள்ளும், ஒரு நீவு நீவினால் சரியாகிவிடும். மூன்றையும் ஒன்றாக இழுத்தால் மொத்தமும் சிக்கு.

இடக்கைப் பிள்ளைகள் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவர்களைக் கை மாற்றச் சொல்லாதீர்கள். வலக்கைப் பிள்ளையை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள், இடக்கைப் பிள்ளையை எதிரில் உட்கார வையுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல உங்கள் கையைப் பார்த்தே அந்தப் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளைக்கு எத்தனை முறை காட்டியும் ஊசியில் நூல் கோக்க வராது. கவனமில்லை என்று நினைத்து இரண்டு வாரம் கடிந்துகொண்டேன். பிறகுதான் பார்த்தேன், அவள் ஊசியைக் கிட்டத்தட்ட மூக்கில் முட்டும்படி வைத்துக்கொண்டிருந்தாள். கண் பரிசோதனைக்கு அனுப்பினோம், கண்ணாடி வந்தது. கடிந்துகொண்டதற்கு இன்றும் வருந்துகிறேன். கோக்க வராத பிள்ளையை முதலில் கரும்பலகையில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.

படம் வரைய கார்பன் தாளைத் தேடி அலைய வேண்டாம். கோலம் போதும். பென்சிலால் புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டு, அந்தக் கோட்டின்மேல் சங்கிலித் தையல் போடச் சொல்லுங்கள். அம்மாவிடம் கோலம் கற்ற பிள்ளைக்கு வளைவு எங்கே திரும்பும் என்று கைக்கே தெரியும். எட்டாம் வகுப்புக்கு வந்தபின் தோடர் பூத்தையலைக் காட்டுங்கள். நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைப்பார்கள். இரண்டு பக்கமும் போட்டுக்கொள்ளும்படி இருக்கும். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கணக்குப் பாடத்துக்கு இடைஞ்சல் என்று தையல் வேளையைப் பறிக்க வருபவர்களிடம் அந்தத் துணியை நீட்டலாம்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பாடத்துக்கு நீண்ட கதை உண்டு. 1820களில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் தன் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அவருடைய மகள் எலிசா, தமிழறிஞர் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையும் கூடவே போனது. என் பாட்டியும் லேஸ் பின்னியவர்தான். ஆகவே இதைப் பொழுதுபோக்குப் பாடம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

உங்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுண்டு. ஆண்டுவிழாக் கண்காட்சிக்காகப் பிள்ளையின் துணியை நீங்கள் வாங்கித் தைத்து முடிக்காதீர்கள். பார்க்க வருகிறவர்கள் பாராட்டுவார்கள், ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரியும் எது தன் கை, எது டீச்சர் கை என்று. கோணலாக இருந்தாலும் அவர்கள் துணியே தொங்கட்டும். ஜூன் மாதம் போட்ட முதல் வரிசையையும் பிரிக்காமல் அதே துணியில் விட்டுவையுங்கள். மார்ச்சில் போட்ட வரிசைக்கு மேலே அது இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை: ஊசி, நூல், காடா, துணியை இழுத்துப் பிடிக்கும் எம்பிராய்டரி வளையம், ஊசி குத்திவைக்கக் கம்பளித் துண்டு ஒன்று. ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் மணி அடித்தபின் யாரையும் எழ விடாதீர்கள். சிவப்பு நூல் வாங்கும்போது மட்டும் ஒரு துண்டை வெள்ளைத் துணியில் வைத்து நனைத்துப் பாருங்கள். சாயம் போகும் நூலாக இருந்தால், முதல் துவைப்பிலேயே ஒரு பிள்ளையின் ஒரு மாத வேலை போய்விடும்.