வேலையிடத்தில் 'உயிரியல் காரணிகள்' என்றால் என்ன? கையுறையும் முகக்கவசமும் கொடுத்தால் போதாதா?

போதாது. மனிதருக்கு நோயோ ஒவ்வாமையோ உண்டாக்கக்கூடிய பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி எல்லாம் உயிரியல் காரணிகள்தான். ரசாயனத்துக்கு நெடி இருக்கலாம், இயந்திரத்துக்குச் சத்தம் உண்டு. இந்தக் கிருமிகளுக்குப் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. கூடவே பெருகவும் செய்யும். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்துளியில்கூட குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடும். துடைக்காத மேசையும் ஆபத்துதான்.

அதனால் முதலில் கிருமி ஆளை எட்டும் வழியை அடைக்க வேண்டும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தால் ஈரம் போகுமா? பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடும்போதுதான் பல குத்துக்காயங்கள் நேர்கின்றன. கையுறையை ஊசி சுலபமாகத் துளைத்துவிடும். முனையைத் தானாக உள்ளிழுத்துக்கொள்ளும் ஊசி, கைக்கெட்டும் தூரத்தில் துளைக்க முடியாத குப்பைப்பெட்டி, இவை உண்மையான பாதுகாப்பு. காற்றில் பரவும் கிருமி என்றால் நல்ல காற்றோட்டம். அப்புறம் தடுப்பூசி, கைகழுவ இடம், பயிற்சி. கையுறையும் முகக்கவசமும் தேவைதான், ஆனால் கடைசி அரண். (வாங்கிக் கொடுப்பது சுலபம் என்பதால் நிர்வாகங்கள் அதிலிருந்தே தொடங்குகின்றன!)

இது மருத்துவமனை, ஆய்வக ஊழியர்களின் பிரச்சினை மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சாக்கடைத் தொழிலாளிக்கு எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சலும், விவசாயிக்குப் பூஞ்சை பிடித்த வைக்கோல் தூசியால் நுரையீரல் அழற்சியும் வரலாம்.