கதவைத் திறந்து வைத்து அளந்து பாருங்கள்

தம்பி, நீங்கள் அனுப்பிய வரைபடத்தை நேற்று இரவு விரித்து வைத்துப் பார்த்தேன். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சில வருடங்களிலேயே உங்கள் அண்ணன் குடும்பத்தோடு சேர்ந்து வீடு கட்டத் துணிந்துவிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு ஒரு கார், மனைவிக்கு ஒரு கார், அண்ணன் வேலைக்கு எடுத்துப் போகும், பின்னால் சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி, அப்புறம் அவர் பிரித்துப் போட்டுச் சரிசெய்து கொண்டிருக்கும் அந்தப் பழைய கார். ஆக மொத்தம் நாலு. வீடு கட்டுபவர், வீட்டோடு ஒட்டிக் கார் நிறுத்தும் கராஜுக்கு 40 அடி அகலம், 22 அடி ஆழம் ஒதுக்கி, 16 அடிக் கதவு இரண்டு போட்டிருக்கிறார். "இது போதுமா அண்ணா? இங்கே எல்லாரும் இப்படித்தான் கட்டுகிறார்களா?" என்று கேட்டிருந்தீர்கள்.

யாரும் காரை விட்டு இறங்கப் போவதில்லை என்றால் போதும்.

கேலிக்குச் சொல்லவில்லை. நாங்கள் வாங்கிய முதல் வீட்டுக்கு 'இரண்டு கார் கராஜ்' என்று எழுதியிருந்தார்கள். 20க்கு 20. இரண்டு காரும் உள்ளே போனது உண்மைதான். ஆனால் பின் சீட்டிலிருந்து பிள்ளையை இறக்க இடம் கிடையாது. அவளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு, நான் காரை உள்ளே விட்டு, கதவை ஒரு சாண் திறந்து, வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வருவேன். இரண்டே மாதத்தில் மனைவியின் காரில் என் கார்க்கதவு இடித்த வடு. அடுத்த மாதம் என் கார் நிரந்தரமாக வாசலுக்கு வந்தது. காலியான இடத்தில் அட்டைப்பெட்டிகள் குடியேறின. இங்கே பல வீடுகளில் கார் வெளியே நனைய, பெட்டிகள் உள்ளே சொகுசாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் உங்கள் கணக்கைக் காரிலிருந்து தொடங்காதீர்கள், இறங்கும் ஆளிலிருந்து தொடங்குங்கள். சாதாரணக் காரின் உடல் அகலம் ஆறேகால் அடி என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிகளைச் சேர்த்தால் ஏழு அடி வரும். பையோ பிள்ளையோ கையில் இருக்கும்போது கதவைத் திறந்து இறங்க மூன்று அடி வேண்டும். நாலு காருக்கு 25 அடி, நடுவில் மூன்று இடைவெளி 9 அடி, இரண்டு சுவரோரமும் 6 அடி. கூட்டிப் பாருங்கள், சரியாக 40! கட்டுபவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 40 அடியில் அலமாரிக்கோ, சைக்கிளுக்கோ, குப்பைத் தொட்டிக்கோ ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை. குளிர்கால டயர்களை மறந்துவிடாதீர்கள். ஓடும் வண்டி மூன்றுக்கும் பருவத்துக்குப் பருவம் பன்னிரண்டு டயர் எங்கேயாவது அடுக்கியாக வேண்டும்.

ஆழம்தான் இதைவிடப் பெரிய சிக்கல். நாலு கதவு உள்ள பெரிய பிக்கப் கிட்டத்தட்ட பத்தொன்பதரை அடி நீளம். 22 அடியில் நிறுத்தினால் முன்னும் பின்னும் சேர்த்து மிஞ்சுவது இரண்டரை அடி. மூக்கு சுவரைத் தொடாமலும் வால் கதவில் இடிக்காமலும் தினமும் இருட்டில் யார் நிறுத்துவது? அண்ணன் நிறுத்துவார், ஒரு வாரத்துக்கு. உள்ளளவு 26 அடியாவது கேளுங்கள். சுவர்த் தடிமன் போகத்தான் உள்ளளவு என்பதையும் கட்டுபவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது என் யோசனை. நாலு காரையும் வரிசையாக நிறுத்தியே ஆக வேண்டுமா? பழைய கார் மாதக்கணக்கில் நகரப் போவதில்லை. அதற்கு ஒரு வாசல் எதற்கு? அகலத்தை 36 அடியாகக் குறைத்து மூன்று கதவு போடுங்கள். ஓரத்தில் உள்ள ஒரு வரிசையை மட்டும் 42 அடி ஆழத்துக்குப் பின்னால் நீட்டுங்கள். உள்ளே பழைய கார், அதை அடைத்தபடி பிக்கப். இரண்டும் அண்ணனுடையவை, ஆகவே எதை வெளியே எடுத்தாலும் அவர் யாரிடமும் சாவி கேட்டு நிற்க வேண்டாம். உங்கள் காருக்குப் பின்னால் அவர் கார், அவர் காருக்குப் பின்னால் உங்கள் கார் என்று வைத்தால் காலை ஏழு மணிக்கு வீட்டில் தினமும் ஒரு பஞ்சாயத்து. இரண்டு வண்டியும் போக ஆறு அடிக்கு மேல் மிஞ்சும், ஒரு வேலை மேசைக்குத் தாராளம். நீட்டும் பகுதி 14 அடி அகலம் இருந்தால் பழைய காரின் இரு பக்கமும் குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கலாம்.

வீட்டுக்குள் போகும் கதவுக்குப் பக்கத்து இடத்தை உங்கள் மனைவிக்குக் கொடுங்கள். பிள்ளைகளும் மளிகைப் பையும் அந்தக் காரில்தான் வருவார்கள். பெட்ரோல் வாடையும் சத்தமும் உள்ள அண்ணன் வரிசை வீட்டிலிருந்து தள்ளி, கடைசியில் இருக்கட்டும்.

16 அடிக் கதவு இரண்டு வேண்டாம். கதவை மேலே தூக்க உதவும் ஸ்பிரிங் ஒன்று உடைந்தால் இரண்டு கார் உள்ளே மாட்டிக்கொள்ளும். எங்களுக்கு அது நடந்தது, வெளியே கடுங்குளிர், ஆள் வர இரண்டு நாள் ஆயிற்று. காருக்கு ஒன்றாக 9 அடி, 9 அடி, பிக்கப்புக்கு 10 அடி. கூட்டினால் 28. மிச்சமுள்ள எட்டடி, கதவுகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் சுவராக நிற்கும். பிக்கப் கதவின் உயரம் மட்டும் 8 அடி இருக்கட்டும்.

காரைத் தூக்கும் லிஃப்ட் ஒன்று வேண்டும் என்று அண்ணன் என்றைக்காவது கேட்பார். அதை இப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டு தூண் லிஃப்டுக்குக் கூரை சுமார் 12 அடி உயரம் வேண்டும். தூண் நிற்கும் இடத்தில் கான்கிரீட் எவ்வளவு தடிமன், எவ்வளவு பலம் என்பது லிஃப்டின் கையேட்டில் இருக்கும், கான்கிரீட் ஊற்றிய பிறகு அதைப் படித்துப் பயனில்லை. அந்த வரிசைக்குக் கதவுத் தண்டவாளமும் கூரையை ஒட்டிப் போக வேண்டும், கதவைத் தூக்கும் மோட்டாரைப் பக்கச் சுவரில் வைக்கலாம்.

தரைச் சரிவை நீங்களே நின்று பாருங்கள். காருக்கு அடியில் ஒட்டி வரும் பனி, சாலையில் தூவிய உப்போடு இரவில் உருகி உப்புத் தண்ணீராக ஓடும். அடிக்கு அரைக்கால் அங்குலம் முதல் கால் அங்குலம் வரை வாசல் பக்கம் சரிவு இருந்தால் அது வெளியே போகும். எங்கள் வீட்டில் சரிவு பின்பக்கம். வருடா வருடம் வசந்தத்தில் சுவரோரம் வெள்ளைக் கோடு, நனைந்த பெட்டி, துரு. தரையில் வடிகால் வைக்க ஆசைப்பட்டால் முதலில் நகராட்சி விதியைப் பாருங்கள், எண்ணெய் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விட எல்லா இடத்திலும் அனுமதி கிடையாது.

விளக்கைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். கதவு மேலே மடங்கினால் கூரை விளக்கை அப்படியே மூடிவிடும். வேலை செய்யத் திறந்து வைக்கும் நேரத்தில்தான் இருட்டு! விளக்குகளைக் கார்களுக்கு இடையிலும் சுவர்களிலும் வையுங்கள்.

மின்சாரக் கார் இப்போது இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் சார்ஜருக்கு வயர் இழுக்கச் சுவருக்குள் வெறும் குழாயாவது ஓட்டி வையுங்கள். சுவரை மூடுவதற்கு முன் அது சின்ன வேலை.

இன்னொன்று, இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒட்டிய கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் கதவு தானாக மூடுவதாகவும், இடுக்கில்லாமல் அடைப்பதாகவும் இருக்க வேண்டும். கார்ப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாடை கிடையாது. குளிருக்குப் பயந்து கராஜுக்குள்ளேயே எஞ்சினை ஓடவிடும் பழக்கம் உங்கள் வீட்டில் வரவே கூடாது, வாசல் கதவு திறந்திருந்தாலும்தான். வீட்டுக்குள்ளே அந்த வாயுவைக் கண்டு எச்சரிக்கும் அலாரம் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். தீப்பொறி வரக்கூடிய வாட்டர் ஹீட்டரை அங்கே வைப்பதாக இருந்தால் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தச் சொல்வது அதனால்தான்.

வெளியே திருப்பும் இடம் வரைபடத்தில் தெரியவில்லை. கராஜ் கதவுகள் தெருவைப் பார்க்காமல் வீட்டின் பக்கவாட்டைப் பார்த்து இருந்தால் முன்னால் 24 அடியாவது வேண்டும், பிக்கப்புக்கு 30 அடி இருந்தால் நிம்மதி.

சரி, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வேலை. சனிக்கிழமை ஏதாவது காலி மைதானத்தில் சாக்பீஸால் 36க்கு 26 கோடு போட்டு, மூன்று வண்டியையும் உள்ளே நிறுத்தி, எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். அண்ணன் வண்டியின் நீளத்தைப் பின்னால் உள்ள இழுவைக் கொக்கியோடு சேர்த்து அளந்து எனக்கு அனுப்புங்கள், அந்த 42 அடியை அதை வைத்துத் திருத்திக்கொள்ளலாம்.